தென்னையில் கட்டிய கயிறு

எனக்குப் பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தாலும் எழும்பிப் போய்த் தொட்டுப் பார்க்காமல் நித்திரை வராது. பஸ்ஸில் ஏறினால் கதவுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை நேரம் மேலே சுழலும் காற்றாடிக்கு நேர் கீழே முழங்காலில் நிற்கமாட்டேன். அது கழன்றால் எந்தப் பக்கம் விழும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். அப்பா கடலுக்குப் போன நாட்களில் என்னால் வகுப்பில் இருக்க முடியாது. கரைக்கு ஓடிவந்து படகு தெரியும்வரை நிற்பேன். அப்படி நின்று நின்று பள்ளிக்கூடம் இல்லாமலே போய்விட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் ஒருநாள் சரியான ஒன்றுக்குப் பயப்பட்டால், அதை யாரும் வேறாக எடுத்துப் பார்ப்பதில்லை. என் அக்காவின் புருஷன் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறார். அவர் எந்தக் கூரையிலிருந்து விழுந்தாரோ அந்தக் கூரை விழும் என்று நான் முன்னமே சொன்னேன். சொன்னது ஒன்றுக்கும் உதவவில்லை.

அத்தான் பிறப்பில் கடல்காரர். யுத்த காலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் படகு இறக்க முடியாத நாட்கள் வந்தபோது, கரையில் சும்மா குந்தியிருக்கப் பிடிக்காமல் ஒரு தச்சரோடு போய் வேலை பழகினார். கெட்டிக்காரர். சில வருடங்களில் ஊரில் தலைமைத் தச்சரைக் கூப்பிடுவதுபோல அவரையே பாஸ் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் அவருடைய கை மட்டும் கடலை விட்டு வரவில்லை. மற்றத் தச்சர்கள் ஆணி தேடும் இடத்தில் அவர் கயிறு தேடுவார். வலைகளில் கிடந்து ஓய்ந்த நைலோன் கயிறு ஒரு சாக்கு நிறைய எப்போதும் அவரிடம் இருக்கும். ஏணியைக் கட்டுவது, மரத்தை மேலே இழுப்பது, சாய்ந்த வேலியை நிமிர்த்துவது எல்லாம் அந்தக் கயிற்றால்தான். அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்து நான் கண்டதில்லை. அன்றைக்கும் அவிழவில்லை. எல்லாம் விழுந்த பிறகு போய்ப் பார்த்தேன், முடிச்சு போட்டபடியே இருந்தது.

யுத்தத்தில் மூடிக் கிடந்த பாதைகள் திறந்த பிறகு தலவிலக் கோயில் திருவிழாவுக்கு மன்னாரிலிருந்தும் வன்னியிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வரத் தொடங்கியது. வந்த சனத்துக்குப் படுக்க இடம் போதாது. அக்கம்பக்கத்துத் தென்னங்காணிகளுக்குள் ஆளாளுக்கு மடம் கட்டினார்கள். அப்படித்தான் சிலாபத்து முதலாளி ஒருவர் கடலுக்குக் கிட்ட நீளமான மண்டபம் ஒன்றைக் கட்ட, அதன் கூரை வேலை அத்தானுக்கு வந்தது. சுவர் கட்டியவர் கற்பிட்டிப் பக்கத்து மேசன் ஒருவர். முஸ்லிம் ஆள், அதனால் அண்ணன் என்ற முறையில் நாங்கள் அவரை நானா என்று கூப்பிடுவோம். ஆகஸ்ட் திருவிழாவுக்கு முன் கூரை முடிய வேண்டும் என்பது கட்டளை. கடல் பக்கத்து முகப்புக்குச் சுவர் வேண்டாம், காற்று வரட்டும் என்றும் முதலாளி சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். உள்ளே சீலிங் அடிக்கப்போவதில்லை, மரம் அப்படியே தெரியும், அதனால் இழைத்துப் பொலிஷ் பூசிய மரத்தில் ஒரு ஆணிப் பொட்டுக்கூடத் தெரியக்கூடாது.

கூரைக்கு ஆதாரம் முக்கோணச் சட்டங்கள். நிலத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பூட்டி, இரண்டு சுவருக்கும் குறுக்கே மேலே ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்த்தி வைப்பது. குறுக்கே ரீப்பைச் சலாகைகள் எல்லாம் அடித்து, மேலே தகடு போட்டு முடித்த பிறகு அது மலைபோல நிற்கும். அதுவரை ஒவ்வொன்றும் விளிம்பில் நிறுத்திய பலகை. ஊதினால் சாயும்.

இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அதற்கு முன் கட்டாரில் சிலகாலம் இருந்தேன். பெரிய கொட்டகைகளுக்குக் கூரை ஏற்றும் இடத்தில் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. அந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், என்னைவிடப் பயந்த ஒருவர் அங்கே இருந்தார். பயப்படுவதற்கென்றே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். மலையாளி. முதல் சட்டம் மேலே போனதும் அதற்கு நிலத்திலிருந்து சரிவாக நீண்ட கட்டைகளால் முட்டுக் கொடுக்கச் சொல்வார். கட்டையின் அடி நழுவாமல் மண்ணில் முளை அடித்து அதோடு சேர்த்து இறுக்க வேண்டும். அது முடியாமல் தூக்கிய கிரேன் கொக்கியைக் கழற்ற விடமாட்டார். முதல் சட்டம் அசையாவிட்டால் மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பார். இரண்டாவது ஏறியதும் அதை முதலாவதோடு உச்சியில் மட்டும் பிணைத்தால் போதாது. இரண்டு சரிவிலும் பிணைக்க வேண்டும், முக்கோணத்தின் கீழ் மரத்திலும் பிணைக்க வேண்டும். அதற்குப் பிறகு மூலைக்கு மூலையாக ஒரு கட்டை. குறுக்கே கட்டை இல்லாத சதுரம் எப்படிச் சரியும் என்பதைத் தன் விரல்களைக் கோத்துச் சாய்த்துக் காட்டுவார். நிரந்தர மரங்கள் வரும்வரை இந்தத் தற்காலிகக் கட்டைகளில் கைவைத்தவனை வேலையை விட்டே அனுப்பிவிடுவார். அந்த மனிதன் பக்கத்தில் இருந்த நாட்களில் எனக்கு நன்றாக நித்திரை வந்தது. பிறகு அம்மாவுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு, அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மண்டப வேலையில் முதல் சட்டம் ஏறிய அன்று அத்தான் வழக்கம்போலக் கயிற்றுச் சாக்கை அவிழ்த்தார். கடல் பக்கம் முகப்புக்கு வெளியே இரண்டு தென்னைகள் நின்றன. சட்டத்தின் உச்சியிலிருந்து இரண்டு கயிறு எடுத்து, அந்தத் தென்னைகளில் இழுத்துக் கட்டினார். படகைக் கரையில் கட்டும்போது தென்னையின் அடியில்தான் கட்டுவார்கள், அடி அசையாது. ஆனால் இங்கே தகடு கொண்டுவரும் லொறி அந்த வழியால் உள்ளே வர வேண்டும். அதனால் ஆளை ஏற்றி உயரத்தில், ஏறக்குறைய ஓலை விரியும் வட்டுக்குக் கிட்டக் கட்டினார். அடுத்தடுத்த சட்டங்கள் ஏற ஏற, உச்சியில் மட்டும் ஒவ்வொரு ரீப்பைத் துண்டை வைத்து ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு போனார். ஆணிப் பொட்டு தெரியக்கூடாதே, ஆணியும் அரைவாசிதான் இறங்கியிருந்தது. பிறகு கழற்ற வேண்டும்.

நான் கீழே நின்று பார்த்தேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று வரும்போது தென்னை மண்டபத்தின் பக்கம் குனிந்தது, கயிறு தொய்ந்தது. காற்று விடும்போது தென்னை நிமிர்ந்தது. கயிறு சட்டத்தைச் சுண்டி இழுத்தது. பிடிக்க வேண்டிய நேரத்தில் தொய்வதும் சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் இழுப்பதுமாக இருந்தது அந்தக் கயிறு. ஒவ்வொரு தரம் சுண்டும்போதும் உச்சியில் ஆணிகள் கீச்சென்று முனகுவது எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, அல்லது அது அவர்களுக்கு ஒரு சத்தமாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. கூரை ஏறும் நாட்களில் அந்த இடத்தில் நல்ல கதைதான் கதைக்க வேண்டும். முகட்டில் குருத்தோலைச் சிலுவை கட்டி, சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் போகும்வரை விழுவது, உடைவது, சாவது எதைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது. தேத்தண்ணிக் கோப்பை கைநழுவினாலும் விழுந்தது என்று சொல்லாமல் குனிந்து பொறுக்குவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கூரை விழும் என்பதை எப்படிச் சொல்வது?

நான் பாண் ரொட்டியை வைத்துச் சொல்லப் பார்த்தேன். காலை தேத்தண்ணிக்கு எல்லாரும் மர நிழலில் இருந்தபோது, வெட்டிய பாண் துண்டுகளைப் பலகையில் வரிசையாக நிமிர்த்தி வைத்தேன். முதல் துண்டுக்கு இரண்டு பக்கமும் கோப்பையை முட்டுக் கொடுத்தேன். எல்லாம் நின்றன. பிறகு கோப்பையை எடுத்துவிட்டு மெல்ல ஊதினேன், ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் சரிந்தன. நானா மட்டும் குனிந்து பார்த்தார். அத்தான் கையை நீட்டி முதல் துண்டை எடுத்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

"விளங்குது விளங்குது" என்றார் அத்தான் மென்றுகொண்டே. "நீ கட்டாரில பெரிய எஞ்சினியரா இருந்தனீ. பிறகு ஏன் ஓடி வந்தனீ எண்டு நானாவுக்குச் சொல்லன்."

நானா என்னைக் காப்பாற்றப் பார்த்தார். தன்னுடைய சாரக் கம்புகள் சும்மாதான் கிடக்கின்றன, எடுத்து முட்டுக் கொடுக்கலாம், ஆணி வேண்டாம், கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிடலாம், மரத்தில் பொட்டும் விழாது என்றார். அது நல்ல யோசனை. அத்தானின் கயிறும் முடிச்சும் அதில் இருந்தன, மலையாளியின் கட்டையும் இருந்தது. ஒரு நிமிடம் அத்தான் யோசித்தது போலத்தான் தெரிந்தது. பிறகு லொறி வர வழி வேண்டும், கம்பு நடுவில் நின்றால் எப்படி என்றார். லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதற்கு வழி விட்டே வைத்திருந்தோம்.

நான் விடவில்லை. அவர் ஏணியில் கால் வைத்தபோது பக்கத்தில் போய், கயிறு இழுக்கும், தள்ளாது அத்தான், முட்டுத்தான் இரண்டும் செய்யும் என்றேன்.

"பாய்மரம் கயித்தில தானே நிண்டது? எத்தினை காத்தைக் கண்டது அது?"

அதற்குப் பதில் எனக்குப் பிறகுதான், புத்தளம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குந்தியிருந்தபோது வந்தது. பாய்மரத்தின் கயிற்றைப் படகிலேயே கட்டுகிறோம். படகு ஆடினால் மரமும் கயிறும் அதோடு சேர்ந்தே ஆடும். தென்னை தன் பாட்டுக்கு ஆடியது, மண்டபம் தன் பாட்டுக்கு நின்றது. இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். கடலைப் பற்றிச் சொன்னால் அவர் கேட்பார். அந்த வாங்கில் இருந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவி நான் செபம் சொல்வதாக நினைத்துத் தானும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கூரை ஏறுற இடத்தில அந்தக் கதை கதைக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் மேலே போனார்.

நடுவில் இருந்த ஒரு சட்டத்தின் உச்சியில் காலை இரண்டு பக்கமும் போட்டு இருந்தார். படகின் முனையில், அணியத்தில் குந்தியிருப்பதுபோல. நான் கீழே ரீப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சான் கொஞ்ச நேரம் ஓய்ந்து, கயிறு இரண்டும் விறைத்து நின்றன. தூரத்தில் கடல் பக்கம் தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து வருவது தெரிந்தது.

"கெதியா ரீப்பையைத் தாடா" என்றார் அத்தான். "நீ தென்னையைப் பாத்துக்கொண்டு நிண்டா திருவிழா வந்திடும்."

ரீப்பையை மேலே நீட்டினேன். அவர் குனிந்து அதன் நுனியைத் தொட்டார். எங்கள் இரண்டு தென்னைகளும் குனிந்தன, கயிறுகள் தொங்கின. முதல் சட்டம் எங்களை நோக்கி மெதுவாகச் சாய்ந்தது. கயிறு விறைக்கும்போது பிந்திவிட்டது, தென்னையும் அதோடு சேர்ந்து வளைந்து கொடுத்தது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒரு மடக்கு விசிறியை மூடுவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக எல்லாம் படுத்துக்கொண்டு வந்தன. நான் சுவரோரம் ஒதுங்கியது எனக்கே தெரியாது. ஒதுங்குவதற்கு என் உடம்பு பிறந்ததிலிருந்து ஆயத்தமாக இருந்தது. அத்தானின் உடம்பு அப்படியல்ல. அவர் சட்டத்தின் சரிவோடு வழுக்கிப் போய், தன் முதுகால் சுவரின் விளிம்பில் விழுந்து, பிறகு உள்ளே விழுந்தார். அவர் தொட்ட ரீப்பை என் கையிலேயே இருந்தது.

நானாவும் நானும் ஒரு கதவுப் பலகையில் வைத்து அவரைத் தூக்கினோம். தூக்கிய விதம் பிழையோ என்ற யோசனை இன்றும் வரும். ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, முள்ளந்தண்டு விழுந்தபோதே போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். பிறகு கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் அதையே சொன்னார்கள்.

அக்கா புத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் வாங்கிலிருந்து எழும்பினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளியே நின்றாள். அவளுக்கு யாரோ வழியில் எல்லாம் சொல்லியிருந்தார்கள், பாண் துண்டு வைத்ததையும்.

"வாயை வச்சிட்டியேடா" என்றாள்.

ஊரில் அதுதான் நின்றது. அத்தானின் கயிற்றைப் பற்றியோ தென்னையைப் பற்றியோ ஒருவரும் கதைக்கவில்லை. கூரை ஏறுகிற இடத்தில் இவன் விழுகிற கதை கதைத்தான், அதனால் விழுந்தது என்றார்கள். யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. கடையில் சாமான் தந்தார்கள், கோயிலில் பக்கத்தில் இடம் விட்டார்கள். ஆனால் முகடு ஏறும் வேலைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. தெரிந்த பாஸ்மார் என்னைக் கண்டால் நாளைக்குக் கூரை ஏறுகிறது என்பதை மறைத்துக் கதைப்பார்கள். ஒருநாள் தெரியாமல் ஒரு வீட்டு வளவுக்குள் நுழைந்தேன், அங்கே சட்டம் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார மனுஷி மரியாதையாக ஒரு கதிரையைத் தூக்கி வெளியே ஒழுங்கைத் தெருப் பக்கம் போட்டு, அங்கே இருந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள். நான் குடித்தேன். அங்கிருந்தும் பார்த்தேன். முதல் சட்டத்துக்கு முட்டு இல்லை. வாய் திறக்கவில்லை. அந்த வீடு நன்றாக நிற்கிறது, இப்போது மேல் மாடியும் போட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய இடி மண்டபம்தான். முந்தல் பக்கத்திலிருந்து வேறு ஆட்களை முதலாளி கொண்டுவந்தார். உடைந்ததை எடுத்துவிட்டு, புதுச் சட்டங்கள் பூட்டி, திருவிழாவுக்குள் ஏற்றினார்கள். நான் ரோட்டில் நின்று பார்த்தேன். அதே இரண்டு தென்னை. அத்தானின் கயிறுகள் மரத்திலேயே கிடந்தன, அவற்றையே எடுத்துக் கட்டினார்கள். உச்சியில் அதே அரை ஆணி ரீப்பைகள். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று கால் எழும்பியது, பிறகு அக்காவின் வார்த்தை நினைவுக்கு வந்தது. நான் வாய் வைக்காமல் வீட்டுக்கு வந்தேன். கச்சான் அன்றும் அப்படித்தான் அடித்தது. கூரை நின்றது. திருவிழாவுக்கு வந்த சனம் அதன் கீழே பாய் விரித்துக் குழந்தைகளை நித்திரையாக்கினார்கள்.

அது நின்றதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. விழுந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள். நின்றதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அது நின்றதால் கயிறு சரி என்று ஆகிவிட்டது. முட்டுக் கொடுக்காத கூரைகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதனால் யாரும் எதையும் படிப்பதில்லை. எப்போதாவது ஒன்று விழுந்தால், அதற்குக் கீழே கிடப்பவனோடு அந்தப் பாடமும் படுக்கையில் கிடந்துவிடுகிறது.

அக்கா வீட்டுக் கூரை சில வருடத்துக்குப் பிறகு இற்றுப்போனது. உப்புக் காற்றில் பழைய தகடு பொடிந்து, மழைக்கு அத்தானின் கட்டிலை இழுத்து இழுத்து இடம் மாற்றினார்கள். அக்கா பல பாஸ்மாரைக் கேட்டாள். வருகிறோம் என்றார்கள், வரவில்லை. கடைசியில் என் வாசலில் வந்து நின்று, "நீயே போட்டுத் தா" என்றாள். அன்றைக்கே முட்டுக்குக் கம்பு தேடப் போனேன்.

சின்னக் கூரைதான், சில சட்டங்கள் மட்டும். ஆனாலும் மலையாளி சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. முதல் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் நிலத்திலிருந்து முட்டு, முளை அடித்து. ஒவ்வொரு சரிவிலும் பிணைப்பு, கீழேயும் பிணைப்பு, மூலைக்கு மூலை கட்டை. அத்தானை முற்றத்தில் பூவரசு நிழலில் சக்கரக் கதிரையில் வைத்திருந்தோம். அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்குக் கட்டை எல்லாம் அடித்து முடித்து நான் ஒரு சட்டத்தைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

தகடு போட்டு முடிந்ததும் தற்காலிகக் கட்டைகளைக் கழற்ற வேண்டும். வெளி முட்டுகளைக் கழற்றினேன். உள்ளே இருந்தவற்றில் கை வைக்க முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இப்போது வருடங்களாகிவிட்டன. அக்கா முதலில் தலை இடிக்கிறது என்று திட்டினாள், பிறகு துணி காயப்போட அதில் கொடி கட்டிக்கொண்டாள்.

அத்தான் கட்டிலில் மல்லாக்கப் படுத்தால் அவருக்குத் தெரிவது அந்தக் கட்டைகள்தான். அவற்றைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்டும், திருவிழா பஸ்கள் ரோட்டால் போகிற சத்தம் கேட்கிற நாட்களில், கச்சான் தகட்டில் அறைந்துகொண்டிருக்கும்போது, அவர் ஒரு கேள்வி கேட்பார். இந்த வருடமும் கேட்டார்.

"அந்த மடம் நிக்குதா?"

"ஓம், நிக்குது அத்தான்."

"கயித்தில தானே ஏத்தினவங்கள்?"

"ஓம்."

மேலே இருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன்னைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் திருப்பினேன். மீண்டும் புரண்டு வந்துவிடாமல் முதுகுக்கு ஒரு தலையணையை முட்டுக் கொடுத்தேன். அது நழுவாமல் இன்னொன்றையும் வைத்தேன். அக்கா அத்தான் உடுத்தும் சாரம் ஒன்றைத் துவைத்த ஈரத்தோடு கொண்டுவந்து, கட்டைகளில் கட்டிய கொடியில் விரித்தாள்.